தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் மேலாண்மை படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2005 ஜனவரியில், சுனாமிக்குப் பிந்தைய வாரங்களில், நாகப்பட்டினத்தின் தற்காலிகக் குடியிருப்பு ஒன்றில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். அந்த ஆண்டு என்னைப் போல நூற்றுக்கணக்கானவர்கள் இந்த வேலைக்குள் வந்தோம். வேலையை விடாமல் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் படித்து, இப்போது வேறொரு நிறுவனத்தில் திட்ட மேலாளராக இருக்கிறேன். எந்தப் பயிற்சிக்குப் போனாலும் டீ நேரத்தில் யாராவது ஒருவர் ஓரமாக வந்து இதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

சேவை செய்யிறதுக்கு எதுக்கு அக்கா மேலாண்மைப் படிப்பு? மனசு இருந்தா போதாதா?

மனசு இல்லாமல் யாரும் இந்த வேலையில் ஆறு மாதம் தாங்க மாட்டார்கள். ஆனால் மனசு மட்டும் இருந்ததால் ஒரு நல்ல வேலை நின்றுபோனதையும் பார்த்திருக்கிறேன். நான் முதலில் இருந்த இடத்தில் மீனவப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தினோம். ஒரு வருடம் பயணச் செலவுக்கான பணத்தில் கொஞ்சம் மீந்தது. பள்ளி திறக்கும் நேரம் என்பதால் அதில் பிள்ளைகளுக்குப் பையும் நோட்டும் வாங்கிக் கொடுத்தோம். எல்லாவற்றுக்கும் பில் இருந்தது, யாரும் ஒரு ரூபாய் எடுக்கவில்லை. ஆனால் ஒரு ஹெட்டில், அதாவது பட்ஜெட்டின் ஒரு செலவுத் தலைப்பில், இருக்கும் பணத்தை இன்னொரு ஹெட்டுக்கு மாற்றுவதற்கு முன் நிதி கொடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தணிக்கையில் அந்தச் செலவைத் தள்ளிவிட்டார்கள். அடுத்த வருடம் நிதி வரவில்லை. வகுப்பை மூடினோம். நாற்பது பிள்ளைகள்.

ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தால் போதும். அந்த மின்னஞ்சலை எப்போது, யாருக்கு, எப்படி எழுதுவது என்பது போன்ற விஷயங்கள்தான் இந்தப் படிப்பில் வருகின்றன: பதிவும் சட்டமும், பட்ஜெட், நிதி திரட்டல், திட்டமிடல், கண்காணிப்பு, ஆட்களை வழிநடத்துவது, நிர்வாகக் குழுவின் பொறுப்புகள்.

எம்எஸ்டபிள்யூ படிச்சா இதெல்லாம் வந்துடாதா?

பாதி வரும். சமூகப்பணிப் படிப்பின் அடித்தளம் தனிநபரோடும் குழுவோடும் ஊரோடும் வேலை செய்வது. அதில் நிர்வாகம் ஒரு பகுதி மட்டும். மேலாண்மைப் படிப்பில் பணம், சட்டம், திட்டம் ஆகியவை நடுவில் இருக்கும்.

எது வேண்டும் என்பது நீங்கள் போக நினைக்கும் இடத்தைப் பொறுத்தது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மாதிரி அரசுத் திட்டங்களின் ஒப்பந்தப் பணிக்குப் போக ஆசை என்றால், அந்த விளம்பரங்களில் சமூகப்பணி, சமூகவியல் போன்ற பட்டத்தைத்தான் கேட்பார்கள். அங்கே மேலாண்மைச் சான்றிதழ் எடுபடாது. தொண்டு நிறுவனத்துக்குள்ளேயே ஒருங்கிணைப்பாளரிலிருந்து மேலாளராக வேண்டும் என்றால் மேலாண்மை நேரடியாக உதவும். மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், காந்திகிராமம் போன்ற இடங்களில் இரண்டு வருடம் நேரில் படிக்க முடிந்தவர்கள் கட்டாயம் போங்கள். சம்பளத்தை விட்டுவிட்டு அப்படிப் போக முடியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சரி, ஆன்லைன்ல எங்கெல்லாம் படிக்கலாம்?

காசு கட்டாமல் தொடங்குங்கள். மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017 முதல் இருக்கிறது. மேலாண்மை, ஊரக வளர்ச்சி, சமூகப்பணி ஆகிய துறைகளில் அந்தந்தப் பருவத்தில் என்ன பாடம் ஓடுகிறது என்று பாருங்கள். இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடநூல்கள் எல்லாம் இ-ஞானகோஷ் என்ற அதன் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சேராமலே அவற்றை இறக்கிப் படிக்கலாம். எனக்கு முதல் பாடம் அங்கேதான் கிடைத்தது. பேரிடர், நிவாரண வேலையில் இருப்பவர்களுக்கு டிசாஸ்டர்ரெடி என்ற தளமும் இலவசம்.

அடுத்தது சான்றிதழும் பட்டயமும். இக்னோவில் என்ஜிஓ மேலாண்மைக்கென்றே ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. ஊரக வளர்ச்சியில் முதுநிலைப் பட்டயமும் உண்டு, நான் முடித்தது அதுதான். பிறகு எம்ஏ ஊரக வளர்ச்சி, எம்எஸ்டபிள்யூ என்று பட்டங்கள். சைதாப்பேட்டையில் 2002-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு சேர்க்கை. எல்லாப் படிப்பும் எல்லாப் பருவத்திலும் திறந்திருக்காது என்பதால் அந்தப் பருவத்தின் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கரஸ்ல படிச்சதுன்னு சொன்னாலே மூஞ்சி சுளிக்கிறாங்க. ஆன்லைன் பட்டம் செல்லுமா?

செல்லும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் அனுமதி பெற்ற பல்கலைக்கழகம், அனுமதி பெற்ற படிப்பு என்றால் திறந்தநிலை, தொலைநிலை, ஆன்லைன் வழியில் பெற்ற பட்டமும் பட்டயமும் வழக்கமான முறையில் பெற்றதற்குச் சமம். யுஜிசி 2022 செப்டம்பரில் இதைத் தனி அறிவிப்பாகவே வெளியிட்டது. அந்த அறிவிப்பை அச்செடுத்து நேர்காணல் கோப்பில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். நான் வைத்திருந்தேன், ஒரு முறை காட்டவும் நேர்ந்தது.

தொலைநிலை என்றால் அச்சுப் பாடநூல், படிப்பு மையம், விடுமுறை நாள் வகுப்பு. ஆன்லைன் என்றால் பாடமும் வகுப்பும் இணையத்தில். இரண்டும் தனித்தனி அனுமதி. ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தொலைநிலை அனுமதி இருப்பதால் அதன் ஆன்லைன் படிப்புக்கும் அனுமதி இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் தளத்தில் பல்கலைக்கழகம், படிப்பு, ஆண்டு வாரியாகப் பட்டியல் போடுகிறது. பணம் கட்டுவதற்கு முன் மூன்றையும் பாருங்கள்.

ஏமாத்து வேலையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

2010-ல் நானே ஏமாந்தேன். ஒரு மாடியில் இயங்கிய மையம். வாசலில் வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர்ப்பலகை. "வேலை பார்க்கிறவங்களுக்குன்னே வச்சிருக்கோம், பரீட்சையை வீட்லேயே எழுதலாம்" என்றார்கள். மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினேன். வந்த சான்றிதழை எந்த நேர்காணலிலும் மதிக்கவில்லை. திரும்பக் கேட்கப் போனபோது மாடி பூட்டியிருந்தது. அந்தப் பணத்தை வீட்டில் கேட்டு வாங்கியிருந்தேன். அது இன்றும் உறுத்துகிறது.

அங்கே நான் கவனிக்காமல் விட்டதை எல்லாம் இப்போது முதலில் பார்க்கச் சொல்கிறேன். ஃபிரான்சைஸ் முறையில் மையம் நடத்த யுஜிசி விதிகளில் இடமே இல்லை. கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போக வேண்டும், மையத்துக்காரரின் ஜிபேக்கு அல்ல. 2024-லிருந்து தொலைநிலை, ஆன்லைன் படிப்பில் சேர்பவர்கள் டெப் ஐடி என்ற அடையாள எண்ணைத் தாங்களே உருவாக்க வேண்டும். "அதெல்லாம் வேண்டாம், நாங்க பார்த்துக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பின்தேதியிட்டுத் தருகிறோம், பரீட்சைக்கு வர வேண்டாம் என்பவர்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

நான் பிளஸ் டூதான். எனக்கு இதுல இடம் இருக்கா?

இருக்கிறது. மேலே சொன்ன ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்புக்குப் பிளஸ் டூ போதும். ஆனால் அதோடு நிற்காதீர்கள். மேலாளர் பதவிகளுக்கு ஏதாவது ஒரு இளங்கலைப் பட்டம் வாசல்படி மாதிரி. எது என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை, இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சான்றிதழை முடித்த கையோடு திறந்தநிலைப் பல்கலையில் இளங்கலையில் சேருங்கள்.

எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழ்லயே முடிச்சிடலாமா?

பட்டத்தைத் தமிழில் முடிக்கலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலையில் பல படிப்புகள் தமிழ் வழியில் இருக்கின்றன. மேலே போகப் போக புரப்போசல் என்கிற நிதி கேட்கும் திட்ட விண்ணப்பம், ரிப்போர்ட், தணிக்கைப் பதில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும். அதை மறைத்துச் சொல்வது உங்களுக்கு நான் செய்யும் துரோகம்.

ஆனால் இந்தத் துறையின் ஆங்கிலம் சின்னது. ஒரு இருநூறு முந்நூறு சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. நான் ஒரு நீளநோட்டில் அவற்றை எழுதி, பக்கத்தில் எங்கள் ஊர்ப் பேச்சில் பொருள் எழுதினேன். 'யூடிலைசேஷன் சர்டிபிகேட்'டுக்கு நேராக 'கொடுத்த பணத்தைச் சொன்ன வேலைக்கே செலவழித்தோம் என்று ஆடிட்டர் கையெழுத்திட்ட தாள்'. 'பேஸ்லைன்' பக்கத்தில் 'நாம் போவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது'. நோட்டு நிறைய ஒரு வருடம் ஆனது. அப்புறம் ரிப்போர்ட்டை முதலில் தமிழில் எழுதி முடித்துவிட்டு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். நேராக ஆங்கிலத்தில் தொடங்கினால் நீங்கள் கண்ணால் பார்த்தது எல்லாம் காணாமல் போய், தெரிந்த நாலு வார்த்தை மட்டும் மிஞ்சும்.

காலையில ஃபீல்டுக்குப் போனா ராத்திரிதான் வீடு. எப்போ படிக்கிறது?

தினமும் இரண்டு மணி நேரம் என்று அட்டவணை போட்டவர்கள் யாரும் முடித்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் கேட்பதற்கு வீடியோ, ஞாயிறு காலை மூன்று மணி நேரம் எழுத்துவேலை, இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. குழந்தையும் சமையலும் இருக்கும் பெண்களுக்கு அந்த மூன்று மணி நேரத்தை வீட்டில் கேட்டு வாங்குவதுதான் உண்மையான நுழைவுத் தேர்வு. கேட்டு வாங்குங்கள். ஒளித்து ஒளித்துப் படிக்காதீர்கள்.

வருடத்தின் எந்த மாதங்கள் உங்களுக்கு இல்லை என்பதை முதலிலேயே குறித்துவிடுங்கள். மார்ச் எல்லோருக்கும் கணக்கு முடிப்பு. டெல்டாவில் இருப்பவர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். இக்னோவின் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வருகின்றன. 2018 டிசம்பர் தேர்வுக்கு நான் நான்கு தாள் பதிந்திருந்தேன். நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கஜா கரையைக் கடந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் புத்தகத்தைத் தொடவே இல்லை. ஜூனில் மறுபடி கட்டணம் கட்டி எழுதினேன். படிப்புக் காலம் தாண்டியும் முடிக்க அவகாசம் உண்டு என்ற வசதி அப்போதுதான் கைகொடுத்தது. அதிலிருந்து கடலோர மாவட்டத்து ஆட்களுக்கு நான் சொல்வது: கனமான தாள்களை ஜூனுக்கு வையுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்? நிறுவனம் கட்டுமா?

ஸ்வயம் பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக் கட்டணம் மட்டும், ஒரு பாடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவுக்குள். அரசுத் திறந்தநிலைப் பல்கலைகளின் கட்டணம், தனியார் ஆன்லைன் எம்பிஏக்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அந்த எம்பிஏக்களைக் கடன் வாங்கிப் படிக்காதீர்கள் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். இந்தத் துறையின் சம்பளம் அந்தத் தவணையைத் தாங்காது.

நிறுவனத்திடம் கேட்பதற்கு ஒரு நேரம் உண்டு. புதிய திட்டத்தின் பட்ஜெட் எழுதும்போது பணியாளர் திறன் வளர்ப்பு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பல நிதியாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். திட்டம் கையெழுத்தான பிறகு கேட்டால் நல்ல மேலாளராலும் தர முடியாது. காரணம் முதல் பதிலில் இருக்கிறது.

பாடத்துல எதை முதல்ல கெட்டியா பிடிக்கணும்?

பணத்தை. அது எங்கிருந்து வருகிறது, எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதை. களத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் 'அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் பார்த்துக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். நானும் ஆறு வருடம் அப்படித்தான் விட்டேன்.

வெளிநாட்டு நிதி என்றால் 2010-ன் எஃப்சிஆர்ஏ சட்டம். பதிவு கேட்கவே நிறுவனத்துக்கு மூன்று வயதாகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் நோக்கத்துக்காகச் செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தம் இந்தத் துறையையே புரட்டிப்போட்டது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. பணம் முதலில் எஸ்பிஐயின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. பெரிய நிறுவனத்திடம் வாங்கி ஊரில் வேலை செய்த சின்ன சங்கங்கள் பல அதோடு நின்றுபோயின. உங்கள் ஊரிலும் ஒன்றிரண்டு இருக்கும்.

சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி என்றால் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம், இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி தன் முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். அதை வாங்க உங்கள் நிறுவனத்துக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு எண் வேண்டும். உள்ளூர் நன்கொடை என்றால் 1961 வருமானவரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு, கொடுத்தவருக்கு வரிச்சலுகை. அதற்காக ஒவ்வொரு ஆண்டும் மே 31-க்குள் நன்கொடையாளர் விவரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் களத்தில் கிழித்துக் கொடுக்கும் ரசீதில் பான் எண் விட்டுப்போனால் அலுவலகத்தில் ஏன் கத்துகிறார்கள் என்பது இதைப் படித்ததும் புரியும். பாடத்தோடு கூடவே உங்கள் நிறுவனத்தின் சென்ற ஆண்டுத் தணிக்கை அறிக்கையையும் கேட்டு வாங்கி, வரிவரியாகப் பாருங்கள்.

என் கையில இருக்கற புத்தகம் பழசு. அதையே படிக்கலாமா?

திட்டமிடல், சமூக அணிதிரட்டல் போன்ற பாடங்களுக்குப் பழசும் நல்லதே. சட்டத்துக்கு மட்டும் கூடாது. 2020-க்கு முன் அச்சான புத்தகத்தில் எஃப்சிஆர்ஏ பகுதி தவறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டின் வருமானவரித் திருத்தம், தொண்டு நிறுவனத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏ பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதாக்கியது, 2025-ல் சிறிய நிறுவனங்களுக்கு அது பத்தாண்டு ஆனது. 1961 வருமானவரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ன் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வருவதால், வாயில் பழகிப்போன பிரிவு எண்களே மாறுகின்றன. சட்டப் பாடத்தைப் படித்து முடித்ததும் ஒரு ஆடிட்டரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். அந்த அரை மணி நேரத்துக்கு நிகராக எந்த வீடியோவும் இல்லை.

லாக்ஃப்ரேம்னு ஒரு கட்டம் போடச் சொல்றாங்க. தலையும் புரியல, வாலும் புரியல.

ஒரு திட்டம் என்ன செய்யும், அதனால் என்ன மாறும் என்று ஒரே தாளில் காட்ட, 1969-ல் அமெரிக்க உதவி நிறுவனமாக இருந்த யுஎஸ்எய்டுக்காக உருவாக்கிய கட்டம் அது. பிறகு உலகம் முழுக்கப் பரவியது. மேலிருந்து கீழே படித்தால் புரியாது. கீழிருந்து மேலே, 'இது நடந்தால் அது நடக்கும்' என்று படியுங்கள்.

நாகை கடலோரத்தில் எட்டாம் வகுப்போடு நின்ற முப்பது பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் வைப்பது, வீடுவீடாகப் போவது எல்லாம் செயல்பாடு. முப்பது பேருக்கும் ஆறு மாத இணைப்பு வகுப்பு நடந்து முடிந்தது, அது வெளியீடு. அதில் 25 பேர் பள்ளியில் மறுபடி சேர்ந்து ஒரு வருடம் தொடர்ந்தார்கள் என்றால் அது விளைவு. ஊரில் எல்லாப் பிள்ளையும் பத்தாம் வகுப்பு முடிக்கும் காலம் என்பது இலக்கு. நாம் வழக்கமாக வெளியீட்டை எழுதிவிட்டு விளைவு என்று பேர் வைக்கிறோம். ரிப்போர்ட் திரும்பி வருவது பெரும்பாலும் அதனால்தான். சரிபார்க்கும் வழி என்ற கட்டத்தில் நம் வகுப்பின் வருகைப் பதிவேட்டை எழுதக் கூடாது. பள்ளியின் பதிவேடு வேண்டும்.

அனுமானம் என்று கடைசியில் ஒரு கட்டம் வரும். அங்கேதான் களப்பணியாளர் மற்ற எல்லோரையும்விடப் பெரியவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் வருமானம் இல்லை, பையன்கள் வெளியூர் வேலைக்குப் போய்விடுவார்கள், ஜூனில் பள்ளி திறக்கும்போது திரும்பியிருக்க மாட்டார்கள். இதைச் சென்னையில் உட்கார்ந்து புரப்போசல் எழுதுபவரால் எழுத முடியாது. நீங்கள் எழுதுங்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழக கோர்ஸ் எடுத்தா மதிப்பு கூடுமா?

தலைமைப்பண்பு, திட்டமிடல், மதிப்பீடு பற்றிய குறுகிய பாடங்கள் நன்றாக இருக்கின்றன. சட்டம், நிதி திரட்டல் பகுதிகள் அந்த நாட்டுக்கானவை. அமெரிக்கப் பாடம் 501(சி)(3), படிவம் 990 என்று அந்த நாட்டு வரி விதிகளில் போகும். வெளிநாட்டு நிதியின் ஆண்டுக் கணக்கான எஃப்சி-4 படிவத்தை டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டிய நமக்கு அதனால் பயனில்லை. பன்னாட்டு நிறுவனங்களில் சேர நினைப்பவர்கள் புராஜெக்ட் டிபிரோ என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழைப் பாருங்கள். அதன் வழிகாட்டி நூல் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

அசைன்மென்ட்டை ஏஐ-ல போட்டு எடுத்துடலாமா?

வேண்டாம். அசைன்மென்ட்தான் இந்தப் படிப்பில் உங்கள் ஊரும் பாடமும் சந்திக்கும் இடம். கேள்வியில் 'ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டு' என்று இருந்தால் உங்கள் நிறுவனத்தையே எடுத்து எழுதுங்கள், பிறகு அது உண்மையான ரிப்போர்ட்டாகவே உதவும். ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ள ஏஐயைப் பயன்படுத்துங்கள், தவறில்லை.

ஆனால் பயனாளிகளின் பெயர், படம், வழக்கு விவரம் எதையும் அதில் ஒட்டாதீர்கள். குழந்தைகள் விஷயத்தில் இது சட்டப் பிரச்சினையும்கூட. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை செய்கிறது. பவர்பாயின்டில் ஒரு குழந்தையின் முகத்தைப் போடுவதற்கு முன்னாலும் இதை நினையுங்கள்.

முடிச்சதும் சம்பளம் ஏறுமா அக்கா? நேரா சொல்லுங்க.

சான்றிதழைக் கொடுத்த மறுநாள் ஏறாது. எனக்குப் பட்டயம் முடிந்து பதினான்கு மாதம் ஆனது. அந்த இடைவெளியில் காலாண்டு ரிப்போர்ட்டின் முதல் வரைவை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கினேன். பிறகு பட்ஜெட்டையும் செலவையும் ஒப்பிடும் தாள். பிறகு கைபேசியில் கோபோ என்ற செயலியை வைத்துத் தகவல் எடுப்பது. திட்டத் தகவல்களைத் தொகுக்கும் எம்ஐஎஸ் வேலை காலியானபோது வெளியே ஆள் தேடவில்லை.

நிறைய பேர் கேட்கும் இடங்கள் இப்போது நான்கு: கண்காணிப்பும் மதிப்பீடும், சட்ட இணக்கத்தோடு சேர்ந்த நிதி, சிஎஸ்ஆர் திட்ட அலுவலர், நன்கொடையாளர் தொடர்பு. களத்திலிருந்து வருபவர்களுக்கு முதலாவது கிட்டத்தில் இருப்பது. கடைசியாகச் சொன்னதற்கு ஆங்கிலப் பேச்சு வேண்டும். சிஎஸ்ஆருக்கு ஊர் மாற வேண்டியிருக்கும், சென்னையோ ஓசூரோ.

தங்கச்சி, எனக்கு நாப்பத்தஞ்சு ஆச்சு. சுனாமியில சேர்ந்தவன், இன்னும் கோஆர்டினேட்டர்தான். இனிமே படிச்சு என்ன?

அண்ணே, உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நம் இரண்டு பேருக்கும் ஒரே நாளில்தான் அடையாள அட்டை கொடுத்தார்கள். திறந்தநிலைப் படிப்புக்கு வயது வரம்பு தடையாக இல்லை. ஆனால் இரண்டு வருடப் பட்டத்தில் தொடங்காதீர்கள். முதலில் பணம் பற்றிய பதிலையும் லாக்ஃப்ரேம் பதிலையும் வைத்துக்கொண்டு இ-ஞானகோஷில் அந்த இரண்டு பாடத்தை மட்டும் படியுங்கள். மூன்று மாதம் போதும். பிறகு ஆறு மாதச் சான்றிதழ்.

உங்கள் பயோடேட்டாவில் 'கள ஒருங்கிணைப்பாளர், 20 ஆண்டு' என்று ஒரே வரி இருக்கிறது. எத்தனை கிராமம், எத்தனை குழு, எவ்வளவு தொகையை உங்கள் கையொப்பத்தில் செலவழித்தீர்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், இவற்றை எழுதினால் இரண்டு பக்கம் வரும். அதை எழுதும் மொழியைத்தான் இந்தப் படிப்பு தருகிறது. மற்றது எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

படிச்சா வேற இடம் போயிடுவேன்னு எங்க டைரக்டர் விட மாட்டேங்கிறார்.

அவர் பயத்தில் நியாயம் உண்டு. பயிற்சி கொடுத்த ஆள் ஆறு மாதத்தில் போனால் சின்ன நிறுவனம் தடுமாறும். படிப்பு முடிந்து இரண்டு வருடம் இருப்பேன் என்று சொல்லுங்கள், பதிலுக்குத் தேர்வு நாட்களுக்கு விடுப்பும் ஒரு புதுப் பொறுப்பும் கேளுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதி வாங்குங்கள். அப்படியும் மறுத்தால் விடுப்பு எடுக்காமல் படித்துவிடுங்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமை உங்களுடையது.

பேசாம நானே ஒரு ட்ரஸ்ட் ஆரம்பிச்சிடலாமா?

பதிவு செய்வது எளிது. அறக்கட்டளைப் பத்திரம் எழுதலாம், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து சங்கம் அமைக்கலாம், கம்பெனிகள் சட்டத்தின் 8-வது பிரிவில் நிறுவனமும் தொடங்கலாம். ஆனால் எஃப்சிஆர்ஏ பதிவு மூன்று வருடத்துக்கு எட்டாது, சிஎஸ்ஆர் நிதியாளர்கள் பெரும்பாலும் பழைய கணக்கைக் கேட்பார்கள். அதுவரை வீட்டுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதற்கு விடை இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

படிச்ச பிறகுதான் தெரியுது, எங்க நிறுவனத்துலயே சிலது விதிப்படி நடக்கல. நான் என்ன செய்யணும்?

இந்தக் கேள்வியை மெதுவான குரலில்தான் கேட்கிறார்கள். வெற்று வவுச்சரில் கையெழுத்து வாங்குவது, வராத கூட்டத்துக்கு வருகைத் தாள், வெளிநாட்டு நிதியைப் பக்கத்துச் சங்கத்துக்கு மாற்றிவிடுவது. நீங்கள் படித்த விதி இன்றைக்கும் அதுதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பழைய புத்தகம் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும். பல நேரம் அது தெரியாமல் நடப்பதாக இருக்கும், முதல் பதிலில் வரும் எங்கள் பள்ளிப்பை மாதிரி. அப்படியானால் 'இப்படி ஒரு விதி இருக்கிறது, நாம் இப்படி மாற்றிக்கொள்ளலாம்' என்று மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், தேதி வேண்டும்.

தெரிந்தே நடக்கிறது என்றால் உங்கள் கையெழுத்தை அதில் போடாதீர்கள். வற்புறுத்தினால் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரிடமோ நிறுவனத்தின் ஆடிட்டரிடமோ நேரில் பேசுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அந்தத் திட்டத்தை நம்பியிருக்கும் குடும்பங்கள் அதில் முதலில் அடிபடும். இரண்டு இடத்திலும் சொல்லிப் பலன் இல்லை என்றால் வேறு வேலை தேடத் தொடங்குங்கள். போவதற்கு முன், நீங்கள் பொறுப்பேற்றிருந்த கிராமங்களின் பதிவேடுகளை அடுத்து வருபவரிடம் பட்டியல் போட்டு ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கி ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.